ஐந்து அட்டை முட்டையும் ஒரு சோதனைச் சாவடியும்

சைக்கிள் பயிற்சியாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சைக்கிளைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் உங்கள் கைப்பேசியே என்னைவிட நன்றாகச் சொல்லிவிடுகிறது. நான் சொல்லப்போவது என்னை நானே பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்ட ஒரு காலைப் பொழுதைப் பற்றி. இந்த வேலையில் ஆளைக் கவிழ்ப்பது பள்ளமும் மேடும் அல்ல. நமக்கு வருகிற நல்ல யோசனைகள்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலே ஒரு மூத்த பயிற்சியாளர் இருந்தார். பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் இன்றைக்குப் பெரிய பதவிகளில் இருக்கிறார்கள். சேர்ந்த அன்றே என் கையில் விதிப்புத்தகத்தைக் கொடுத்து, "இதை ரெண்டு தடவ படிங்க. மொதத் தடவ என்ன சொல்லியிருக்குதுன்னு பாருங்க. ரெண்டாந் தடவ என்ன சொல்லாம உட்டிருக்குதுன்னு பாருங்க" என்றார். நான் முதல் தடவையை விட்டுவிட்டு நேராக இரண்டாம் தடவைக்குப் போனவன். பணிக்காலம் முழுக்க அப்படியே ஓட்டினேன், மாட்டவில்லை. மாட்டாதவனுக்குத் தலைக்கனம் ஏறும். ஓய்வுபெற இன்னும் சில மாதங்களே இருந்த நேரத்தில் ஊரடங்கு வந்தது.

அப்போது நாமக்கல்லில் என்னிடம் ஐந்து பேர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான்கு பையன்கள், ஒரு பெண். எல்லோரும் இருபதை ஒட்டிய வயது. மாநில அணித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. மற்ற விளையாட்டுக்காரர்களாவது வீட்டு மாடியில் குதித்துக்கொண்டிருக்கலாம். எங்கள் பாடு அப்படியில்லை. பந்தயத்தில் முன்னால் போகிறவர் எதிர்காற்றில் முட்டிக்கொண்டு போவார், பின்னால் வருகிறவர் அவர் சக்கரத்தை ஒட்டி அந்த மறைவில் வருவார், பிறகு முறை மாறும். ஒரு முழ இடைவெளியில், முன்னால் இருக்கும் ஆளை நம்பி ஓட்டுகிற வேலை அது. தனியாக இருந்து பழகவே முடியாது.

மேலே இருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆளாளுக்குத் தனியாகப் பயிற்சி செய்ய வேண்டும், செய்ததைக் கைப்பேசிச் செயலியில் பதிவுசெய்து பயிற்சியாளருக்கு அனுப்ப வேண்டும் என்றது. பிரிட்டோ என்று ஒருவன் இருந்தான். சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரன், ஊரடங்கு அறிவித்த அன்று நாமக்கல்லில் பெரியம்மா வீட்டில் மாட்டிக்கொண்டவன். அவன் அனுப்பிய முதல் பதிவைப் பார்த்து எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இரண்டு மணி நேரம், ஏற்ற இறக்கம் பாராமல், அப்படியொரு வேகம். நாட்டுக்கே ஒரு வீரன் கிடைத்துவிட்டான் என்று நாலு பேருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன். வீரன் சுங்கச்சாவடியில் ஆறு நிமிடம் வரிசையில் நின்றிருக்கிறான். பையன் கைப்பேசியைப் பெரியப்பாவின் முட்டை லாரியில் வைத்து அனுப்பிவிட்டு வீட்டில் தூங்கியிருக்கிறான். கேட்டதற்கு, "பயிற்சியைப் பதிவுபண்ணி அனுப்பச் சொன்னீங்க சார். யாரோட பயிற்சின்னு சொல்லலையே" என்றான். என்னிடம் படித்தவன் அல்லவா, திட்டவும் வாய் வரவில்லை.

அந்த லாரிதான் எனக்கு யோசனையைக் கொடுத்தது. கோழி தின்றால் நோய் வரும் என்று எவனோ கிளப்பிவிட்ட வதந்தியால் பண்ணைகளில் முட்டை மலைபோலக் குவிந்து கிடந்தது. ஆனால் முட்டை அத்தியாவசியப் பொருள். சாலையில் மனிதன் போகக் கூடாது, முட்டை போகலாம். முட்டையோடு மனிதன் போனால்?

ரேஸ் சைக்கிளுக்குக் கேரியர் கிடையாது. லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த நண்பர் பூட்டிய கதவுக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். அவரிடம் சொல்லி ஐந்து தகரக் கேரியர்கள் வளைத்து வாங்கினேன். முட்டை எங்கள் குழுவில் இருந்த பெண்ணின் வீட்டிலிருந்தே வந்தது. ஆளுக்கு ஓர் அட்டை, முப்பது முட்டை, மேலே காலி அட்டையைக் கவிழ்த்து ரப்பர் கயிற்றால் கட்டு. இதில் பயிற்சியும் இருந்தது. வெடுக்கு வெடுக்கென்று மிதித்தால் முட்டை உடையும். பதமாக மிதித்தால் முப்பதும் முழுசாக வந்து சேரும்.

அடுத்தது கூட்டம். ஐந்து பேர் சேர்ந்து நின்றால் கேஸ் என்பது உத்தரவு. ஆகவே ஐந்து பேரையும் தனித்தனியாக அனுப்பினேன். இருப்பதிலேயே மெதுவானவனை முதலில், நாலு நிமிடம் கழித்து அடுத்தவனை, இப்படிப் போய் இருப்பதிலேயே வேகமான ஆளைக் கடைசியில். யார் பார்த்தாலும் ஒற்றை ஆள் முட்டை கொண்டு போகிறான், அவ்வளவுதான். ஆனால் ஏரியைத் தாண்டி வரும் நீள்சாலையில் ஐந்து பேரும் ஒருவரையொருவர் பிடித்து ஒரு கூட்டமாகச் சேரும்படி கணக்குப் போட்டிருந்தேன். ஆள் நடமாட்டமே இல்லாத சாலை. அங்கே ஒரு மணி நேரம் முறை மாற்றி முறை ஓட்டிவிட்டுத் திரும்புவார்கள். நான் எல்லோருக்கும் பின்னால் என் பழைய மொபெட்டில் மெதுவாகப் போவேன். மூன்று வாரம் ஒரு சிக்கலும் இல்லாமல் நடந்தது. பிரிட்டோவின் அட்டையில் ஒருநாள்கூட ஒரு முட்டை விரிசல் விடவில்லை. "மிதிக்கறதுன்னா இப்படி மிதிக்கோணும்" என்று எல்லோர் முன்னாலும் அவனைப் பாராட்டினேன்.

யாராவது நிறுத்தினால் என்ன சொல்வது என்பதையும் பழக்கியிருந்தேன். பயிற்சியாளன் புத்தி எங்கே போகும்? எல்லோரும் ஒன்றுபோலச் செய்ய வேண்டும் என்பதுதானே நம் தொழில். ஐந்து பேருக்கும் ஒரே வாக்கியம்: "அத்தைக்குப் பிரசவமுங்க, முட்டை கொண்டு போறேனுங்க." தடுமாறாமல் வரும்வரை பத்துப் பத்துத் தடவை சொல்ல வைத்தேன்.

இப்போது அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் கோகிலா. நாமக்கல்லை ஒட்டிய தோட்டத்துக்காரர்கள், கோழிப்பண்ணையும் உண்டு. ஐந்து பேரில் இருப்பதிலேயே வேகமான ஆள் அவள்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு எழுதி, உடல் தகுதித் தேர்வும் முடிந்து, வீட்டுக்கு வந்து நடத்தை விசாரிப்பது மட்டும் பாக்கியாக இருந்தது. அந்த நேரத்தில் ஏதாவது கேஸில் பெயர் ஏறினால் வேலை போனதுதான். வேலை போனால் அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் என்று அவள் அப்பா முடிவே செய்து வைத்திருந்தார், மாப்பிள்ளையும் தயார். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவளையும் முட்டையோடு அனுப்பினேன். மாட்டினால் என்ன ஆகும் என்ற கேள்வியே எனக்கு வரவில்லை. எனக்குத்தான் மாட்டிப் பழக்கமில்லையே.

அன்று காலை சோதனைச் சாவடியை ஏரிக்கு இந்தப் பக்கம் இருந்த பிரிவுச் சாலைக்கு மாற்றியிருந்தார்கள். ஒரு பெண் இன்ஸ்பெக்டர், ஒரு ஏட்டு, ஒரு ஜீப். அங்கே நடந்ததைப் பையன்கள் பிற்பாடு பலமுறை நடித்தே காட்டியிருக்கிறார்கள்.

முதல் ஆள் போனான். "அத்தைக்குப் பிரசவமுங்க, முட்டை கொண்டு போறேனுங்க."

"போ தம்பி. மாஸ்க்க மூக்குக்கு மேல போடு" என்று நல்ல மனதோடு அனுப்பினார் இன்ஸ்பெக்டர். அவன் கிளம்பித் தண்ணீர் குடிக்கக் கொஞ்ச தூரத்தில் நின்றிருக்கிறான். நாலு நிமிடத்தில் இரண்டாவது ஆள் வந்தான். அதே டவுசர், அதே அட்டை, அதே தகரக் கேரியர், அதே அத்தை. இன்ஸ்பெக்டர் முதல் ஆளைக் கைதட்டிக் கூப்பிட்டு இவன் பக்கத்தில் நிறுத்தினார். மூன்றாவது ஆள் "அத்தைக்கு" என்று ஆரம்பித்ததும் "பிரசவம்" என்று அவரே முடித்து வைத்தார். நான்காவது பிரிட்டோ. தூரத்திலேயே மூன்று பேர் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டான். அத்தை செல்லாது என்று புரிந்துவிட்டது. புத்திசாலி அல்லவா, உடனே மாற்றினான். "மாமாவுக்குப் பிரசவம் மேடம்!"

"நாலு அத்தைக்கு ஒரே நாள்ல ஆகலாம்யா, நான் ஒத்துக்கறேன்" என்றாராம் இன்ஸ்பெக்டர். "மாமாவுக்கு ஆச்சுன்னா நான் மேல எழுதிக் கேக்கணும்."

அதற்குள் கோகிலாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் அத்தை, மாமா எதையும் எடுக்கவில்லை. இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பேசாமல் வரிசையில் ஐந்தாவது ஆளாக நின்றுகொண்டாள். "உங்களையெல்லாம் யாரு அனுப்பறது? கோச் எங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது, "எங்களுக்குக் கோச்சே கிடையாது மேடம், நாங்க அநாதை" என்று பிரிட்டோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த வார்த்தை காதில் விழுகிற தூரத்தில் நான் மொபெட்டை நிறுத்தினேன்.

"நாந்தானுங்க இவங்க கோச்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க அத்தைக்கு எப்படி இருக்கு சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் முட்டைகளைப் பறிமுதல் செய்யப் போன ஏட்டு பிரிட்டோவின் கயிற்றை அவிழ்த்தார். அட்டை கைநழுவியது. முப்பது முட்டையும் தார்ச்சாலையில் விழுந்து நாலாபக்கமும் உருண்டன. ஒன்றிலிருந்தும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. இன்ஸ்பெக்டர் ஒன்றைப் பொறுக்கி ஓட்டை உரித்தார். நன்றாக வெந்திருந்தது.

"அத்தை வீட்ல அடுப்புகூட இல்லியா?" என்றார்.

நான் பிரிட்டோவைப் பார்த்தேன். அவன் சாலையில் உருண்ட முட்டைகளை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவன்போலப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வாரம் பாராட்டியிருக்கிறேன். அந்த நிலைமையிலும் எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல, அவன் காதைத் திருக வேண்டும் என்ற ஆத்திரம்தான். ஏட்டு சிரித்துவிட்டார், பையன்களும் சிரித்தார்கள். எல்லாம் தமாஷாக முடிந்துவிட்டது என்று ஒரு நொடி நானும் நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. முட்டையைத் தூரப் போட்டுவிட்டுச் சொன்னார்: "என் ஸ்டேஷன்ல ரெண்டு பேரு ஆஸ்பத்திரில கெடக்கறாங்க சார். ஒருத்தருக்கு மூச்சு உட முடியல. நாங்க இந்த வெயில்ல நிக்கறது உங்களுக்கு வெளையாட்டா இருக்குதா? நாலு பேரா இருந்திருந்தா வெரட்டி உட்டிருப்பேன். அஞ்சாவது ஆளும் வந்தாச்சு. எழுதித்தான் ஆவணும்."

உத்தரவில் ஓட்டை தேடியவன் அந்த உத்தரவு எதற்காக வந்தது என்று ஒருதரம்கூட யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் பேச்சே வந்தது என்று இப்போது தோன்றுகிறது. கோகிலாவின் வேலை விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். கூட்டம் சேர்த்தது நான், கணக்குப் போட்டது நான், அத்தையையும் நானே கொடுத்தேன், இவர்கள் சொன்னதைச் செய்தவர்கள், என் பெயரை மட்டும் எழுதுங்கள் என்றேன். ஓய்வுபெறும் நேரத்தில் என் மேல் கேஸ் இருந்தால் எனக்கு வர வேண்டியது எல்லாம் நின்றுபோகும் என்பது எனக்குத் தெரியும். பேச்சைக் கேட்ட விதத்தைப் பார்த்தால் இன்ஸ்பெக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் ஜீப்பின் மேல் தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். "கூட்டம் சேத்தது நீங்க. உங்க மேல எழுதறேன். இவங்க அஞ்சு பேரும் சாட்சி. சாட்சியா இருந்தா எந்த வேலையும் போவாது. ஒவ்வொருத்தரா வந்து கையெழுத்துப் போடுங்க."

நான்கு பையன்களும் போட்டார்கள். பிரிட்டோ போடும்போது மூக்கை உறிஞ்சினான். கோகிலா பேனாவைத் தொடவில்லை.

"எங்க சார் மேல நான் கையெழுத்துப் போட மாட்டேனுங்க. எம்பேரையும் சேத்தி எழுதிக்கோங்க."

"ஏம்மா, புரிஞ்சுதான் பேசறியா?" என்றார் இன்ஸ்பெக்டர். "சாட்சியா இல்லன்னா குத்தவாளியாத்தான் எழுதணும்."

"எழுதுங்க மேடம். வேல போனாப் போகுதுங்க."

எத்தனையோ பந்தயங்களில் சாலையோரம் நின்று கத்தியிருக்கிறேன். இந்த இடத்தில் கத்தினால் காரியம் நடக்காது என்று தெரிந்தது. கெஞ்சினாலும் நடக்காது, அவள் இன்னும் இறுகிவிடுவாள். அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய் அவளுக்குத் தெரிந்த பாஷையிலேயே சொன்னேன்.

"சாமி, முன்னால காத்தை மறைச்சுட்டுப் போறவன் முடியாம ஒதுங்குனா பின்னால வர்றவ என்ன பண்ணோணும்?"

"தாண்டிப் போகோணுமுங்க."

"பாவம்னு பிரேக் புடிச்சா?"

அவளுக்குத் தெரியும், எல்லோரும் விழுவார்கள்.

"நா ஒதுங்கியாச்சு கோகிலா. நீ போ."

போய்க் கையெழுத்துப் போட்டாள். அழுத்தின அழுத்தில் தாள் கிழிந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் வேறு தாள் எடுத்து முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. ஐந்து பேரும் இரண்டாம் முறை போட்டார்கள்.

எனக்கு வர வேண்டியவை நின்றன. பிறகு ஊரடங்குக் கேஸ்களை அரசு மொத்தமாகக் கைவிட்டபோது என்னுடையதும் அதில் கரைந்தது, நின்றவை வந்து சேர்ந்தன. இடையில் கொஞ்ச காலம் வீட்டில் எனக்குக் காப்பி கொஞ்சம் ஆறியே வந்தது. கோகிலாவின் வீட்டுக்கு விசாரணைக்கு வந்தவர் ஏதாவது கேஸ் உண்டா என்று கேட்க, "ஒரு கேஸ்ல சாட்சிங்க" என்று சொல்லியிருக்கிறாள். நல்ல பெண் என்று எழுதிக்கொண்டு போனார். வேலை கிடைத்தது. தயாராக இருந்த மாப்பிள்ளை வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

எனக்குப் பிரிவு உபசாரம் கைப்பேசியில்தான் நடந்தது. சின்னச் சின்னக் கட்டங்களில் எல்லோர் முகமும் தெரிந்தது. கோகிலா பேசினாள். "எங்க சார் அன்னிக்கு ஒரு நிமிசங்கூட யோசிக்கலைங்க. நேரா வந்து 'நாந்தான் கோச்'னு நின்னாருங்க" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கைகூப்பி ஏற்றுக்கொண்டேன்.

உங்களிடம் சொல்ல வந்தது இதுதான். நான் யோசித்தேன்.

சாவடிக்கு முன்னால் சாலையில் ஒரு பாலம் உண்டு. அதன் மேல் ஏறியதும் ஜீப் தெரிந்தது, மூன்று நான்கு சைக்கிள்கள் தெரிந்தன. எனக்கு முன்னால் கோகிலா போய்க்கொண்டிருந்தாள். என் கழுத்தில் விசில் இருந்தது. ஊதியிருந்தால் அவள் திரும்பியிருப்பாள், ஐந்தாவது ஆள் இல்லாமல் மற்றவர்களும் திட்டு வாங்கிக்கொண்டு வீடு போயிருப்பார்கள். நான் ஊதவில்லை. ஓய்வு, கேஸ், வீடு எல்லாம் ஒரே சமயத்தில் மண்டையில் ஓடின. மொபெட்டை வந்த வழியே திருப்பிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை, போய்விடலாம் என்று நினைத்தேன். கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

கூட்டமாக ஓட்டும்போது முன்னால் இருப்பவர்தான் பின்னால் வருபவருக்குக் கண். பள்ளம் வந்தால், நிற்க வேண்டி வந்தால், முதுகுக்குப் பின்னால் கையை விரித்துக் காட்ட வேண்டும். கோகிலா சாவடியைப் பார்த்துவிட்டாள். அவள் நிற்கவில்லை, போய்க்கொண்டேதான் இருந்தாள். இடது கை மட்டும் முதுகுக்குப் பின்னால் விரிந்திருந்தது. எனக்காகத்தான். நில்லுங்கள், வராதீர்கள் என்று. அதைப் பார்த்த பிறகுதான் வண்டியை மறுபடி திருப்பினேன்.

போன வருடம் அவள் சீருடையோடு என் வீட்டுக்கு வந்தாள். காப்பி குடித்துக்கொண்டிருந்தவளிடம் இதைச் சொன்னேன். அவளிடம் சொல்லாமல் எனக்கு ஆகவில்லை.

"நீங்க வண்டியத் திருப்பி நிக்கறதப் பாத்தேனுங்க சார்" என்றாள் அவள். "கையக் காட்டீட்டு ஒருக்காப் பின்னால பாத்தேன். நாங் காட்டுனதாலதான் திருப்புனீங்கன்னு நெனச்சேனுங்க."

அந்தக் கதையை அப்படியே வைத்துக்கொண்டிருக்கலாம். நல்ல கதை. ஆமாம் என்று சொல்லித் தப்பிவிட மனம் அங்கேயும் ஓர் ஓட்டை தேடியது.

"இல்ல சாமி" என்றேன். "நீ கையக் காட்டறதுக்கு முன்னாடியே திருப்பீட்டேன்."

கோகிலா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"செரிங்க சார்" என்றாள். "அத நாம் பாக்கலைங்க."